‘ஒஃப்’ என்ற சிறுசொல்லும் ‘இந்திய வம்சாவளி’யும்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஏறி இறங்கும் அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அது, ‘ஒஃபிஸ் ஒன் மிஸ்ஸிங் பேர்சன்ஸ்’. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மற்றொன்று, ‘ஒஃபிஸ் ஃபோர் ரெபரேஷன்ஸ்’. ஒன்றில் ‘ஒன்’, மற்றதில் ‘ஃபோர்’. தமிழில் முதலாவதைக் காணாமற்போன ஆட்கள் ‘பற்றிய’ அலுவலகம் என்கிறோம். இரண்டாவதை இழப்பீட்டுக்‘கான’ அலுவலகம் என்கிறோம். ‘பற்றிய’ என்றால் அந்த ஆட்கள் அலுவலகத்தின் பேசுபொருள். ‘க்கான’ என்றால் அது அலுவலகத்தின் நோக்கம். சட்டவரைஞரைக் கேட்டால் இது வெறும் ஆங்கில வழக்கு என்பார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால், தன் மகனுக்காக அங்கே போகும் தாய்க்கு இந்த வித்தியாசம் அகராதி வாசிக்காமலேயே தெரியும்.

‘ஒன்’, ‘ஃபோர்’, ‘ஒஃப்’, ‘பை’, ‘ஃப்ரம்’ போன்ற ஆங்கிலச் சொற்களை இலக்கணத்தில் முன்னிடைச்சொற்கள் என்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அதற்கும் வாக்கியத்தின் மற்றப் பகுதிக்கும் என்ன உறவு என்று சொல்வது இவற்றின் வேலை. இதே வேலையைத் தமிழில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்னும் வேற்றுமை உருபுகளும் ‘இருந்து’, ‘பற்றி’, ‘மீது’ போன்ற சொற்களும் செய்கின்றன. நாம் பெயரின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் தலையில் வைக்கிறார்கள்.

சில மாதங்கள் இணையவழி வேலையாக ஆங்கில வாக்கியங்களில் வரும் இந்தச் சின்னச் சொற்களுக்குக் குறியிட்டேன். சுதந்திர ஊடகவியலாளருக்கு மாதம் முழுவதும் கட்டுரை எழுதிச் சாப்பிட முடியாது என்பதால் எடுத்த வேலை அது. திரையில் ஒரு வாக்கியம் வரும், அதில் ஒரு முன்னிடைச்சொல் நிறம் தீட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் அதன் பொருள் என்ன என்று கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு குறியைத் தெரிவுசெய்ய வேண்டும். கணினிக்கு மொழி கற்பிக்கவும், அது கற்றது சரியா என்று சோதிக்கவும் இப்படிக் குறியிட்ட வாக்கியங்கள் பயன்படுகின்றன.

இதைச் செய்துபார்த்தவர்கள் பலர். அமெரிக்க அகராதியியலாளர் கென் லிட்கோவ்ஸ்கி முன்னிடைச்சொற்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்தினார். 2007 இல் நடந்த ஒரு பன்னாட்டுப் போட்டியில் 34 முன்னிடைச்சொற்களின் பொருளைக் கணினிகள் பிரித்தறிய வேண்டியிருந்தது, அதற்கான தரவு அவருடைய திட்டத்திலிருந்து வந்தது. அந்த வழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் உள்ளபடி தனித்தனிப் பொருட்பட்டியல் இருக்கும். பின்னர் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் நேதன் ஷ்னைடரும் அவருடைய சகாக்களும் வேறொரு வழியை எடுத்தார்கள். எல்லா முன்னிடைச்சொற்களுக்கும் பொதுவாக 50 குறிகள்: இடம், காலம், மூலம், காரணம், கருவி, உடையவர், முழுமை, பண்பு என்று போகும் பட்டியல். 2018 இல் வெளியான அந்த வகைப்பாட்டுக்கு ‘ஸ்னாக்ஸ்’ என்று பெயர். கடலைப் பொதியல்ல, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களின் சுருக்கம். அந்தப் பெயரிலேயே ‘வேற்றுமை’ என்ற சொல்லும் இருக்கிறது. ஹிந்தி, கொரியன் போன்ற உருபு ஒட்டும் மொழிகளிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

குறியிடுபவரின் கையை அதிகம் கட்டிப்போடும் சொல் ‘ஒஃப்’. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்தே உதாரணங்களைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் சுலபம். ‘எ கிலோ ஒஃப் லீஃப்’, ஒரு கிலோ கொழுந்து. இங்கே ‘ஒஃப்’ அளவையும் அளக்கப்படும் பொருளையும் இணைக்கிறது, தமிழில் உருபே கிடையாது. ‘த ரூஃப் ஒஃப் த லைன்’, லயத்தின் கூரை. இது முழுமையும் அதன் உறுப்பும். ‘த டோட்டர் ஒஃப் எ ப்ளக்கர்’, கொழுந்து பறிப்பவரின் மகள். இது உறவுமுறை. ‘த மந்த் ஒஃப் ஏப்ரல்’, ஏப்ரல் மாதம். இரண்டும் ஒன்றே. ‘ஷீ டைட் ஒஃப் எ ஃபீவர்’, காய்ச்சலால் இறந்தாள். இது காரணம். தமிழில் ஈரிடங்களில் ‘இன்’, இன்னோரிடத்தில் ‘ஆல்’, மற்ற இடங்களில் வெறுமை. கணினி இவை எல்லாவற்றுக்கும் ஒரே ‘இன்’னைப் போட்டால் வருவது தமிழாக இராது. (லயத்துக்கு ‘வரி’ என்று போட்டு, ‘தோட்டத்தின் வரிகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்புச் செயலி எனக்குத் தந்தது. தோட்டத்தில் வரி கட்டுபவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

இதெல்லாம் சுலபமான ரகம். ‘த வேர்க்கர்ஸ் ஒஃப் த எஸ்டேட்’ என்று வந்தால்? தோட்டத்தில் வேலை செய்பவர்கள் என்றால் இடம். தோட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் அங்கத்துவம். தோட்டத்துக்குச் சொந்தமானவர்கள் என்றால் உடைமை. இப்போதைய அகராதி மூன்றாவதை ஒதுக்கிவிடும். துரைமார் காலத்துக் கடிதங்களை வாசிப்பவர்கள் அவ்வளவு விரைவில் ஒதுக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் கிராமத்துக்கு ‘இன்’ போட்டு ‘இன் த வில்லேஜ்’ என்பார்கள், தோட்டத்துக்கு மட்டும் ‘ஒன் த எஸ்டேட்’. கிராமத்துக்குள் இருக்கலாம், தோட்டத்தின் மேல்தான் இருக்க முடியும், அதாவது வேறொருவர் நிலத்தின் மேல். இது என் வாசிப்பு, மொழியியலாளர் ஏற்கவேண்டும் என்றில்லை. தமிழில் இரண்டுக்கும் ‘இல்’தான்.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான ‘ஒஃப்’. ‘பேர்சன்ஸ் ஒஃப் இண்டியன் ஒரிஜின்’. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பில் இருக்கும் சொற்றொடர் இது. தமிழில் ‘இந்திய வம்சாவளியினர்’.

இந்த ‘ஒஃப்’புக்கு என்ன குறி? முதலில் கை போவது ‘மூலம்’ என்ற குறிக்கு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே. ஆனால், ‘மூலம்’ என்ற பொருள் ‘ஒரிஜின்’ என்ற பெயர்ச்சொல்லுக்குள் இருக்கிறது. ‘ஒஃப்’ செய்யும் வேலை வேறு. ‘எ வுமன் ஒஃப் கரேஜ்’, துணிச்சல் மிக்க பெண் என்பதில் என்ன செய்கிறதோ அதையே இங்கும் செய்கிறது: ஒரு தன்மையை ஆளின் மேல் ஏற்றுகிறது. ஆகவே ‘பண்பு’ என்ற குறியே பொருந்தும். ‘ஃப்ரம் இண்டியா’ என்றிருந்தால் ‘மூலம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பேன்.

இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில்தான் மலையகத்தின் முக்கால் நூற்றாண்டுப் பிரச்சினை கிடக்கிறது. ‘ஃப்ரம்’ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. யாரோ ஒருவர் ஒருநாள் ஓரிடத்தை விட்டுக் கிளம்பினார், இன்னோரிடம் வந்து சேர்ந்தார். அதற்குத் திகதி உண்டு, முடிவும் உண்டு. ‘ஒஃப்’புக்குத் திகதி இல்லை. கொட்டகலையில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் வரவில்லை. ‘ஃப்ரம்’ அதன்மேல் ஒட்டாது. ‘ஒஃப்’ ஒட்டும், அதன் பேரப்பிள்ளை மேலும் ஒட்டும்.

நம் இலக்கணகாரர்கள் இந்தப் பிரிவினையைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். சாதாரண தரத்துக்குத் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் ஒன்று நீங்கல். ஊரின் நீங்கினான் என்பது போல. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உரிமை. அதை இரண்டாகப் பிரிப்பார்கள். பாட்டியின் கை என்றால் தற்கிழமை, கையைப் பாட்டியிடமிருந்து பிரிக்க முடியாது. பாட்டியின் கூடை என்றால் பிறிதின் கிழமை, கூடையை இறக்கி வைக்கலாம், இன்னொருவர் எடுத்துப் போகலாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஓர் உருபின் பொருளில் இன்னொன்று வந்து கலப்பதைப் பேசுவதற்கென்றே ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயல் இருக்கிறது. குறியிடும் வேலையில் நான் திணறியதற்கெல்லாம் பெயர் அங்கே தயாராக இருந்தது. 50 குறிகளை மனனம் செய்தபோது இதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை.

அந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்த்தால், மலையகத் தமிழரின் முன்னோர் இந்தியாவை விட்டு வந்தது நீங்கல். சட்டம் அதைத் தற்கிழமையாக மாற்றிவிட்டது. இறக்கி வைக்கக்கூடிய கூடையாகக்கூட அது இருக்கவில்லை.

1911 குடிசனக் கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இருவேறாக எண்ணத் தொடங்கினார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அது பிரஜைகளை இரண்டு வகையாக்கியது, இரண்டையும் ‘பை’ என்ற இன்னொரு முன்னிடைச்சொல் பிரித்தது: ‘பை டிசென்ட்’, ‘பை ரெஜிஸ்ட்ரேஷன்’. தமிழில் வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை. இரண்டு ‘பை’யும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன, மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ போல. ஆனால், பதிவு என்பது ஒருவர் போய்ச் செய்யக்கூடிய காரியம். வம்சம் அப்படியல்ல. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் தந்தையின் பிறப்பை எதைக் காட்டி நிரூபிப்பது?

தமிழில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. ‘வம்சாவளி’ என்ற ஒரே சொல்லை ‘பை டிசென்ட்’டுக்கும் போட்டோம், ‘ஒஃப் இண்டியன் ஒரிஜின்’னுக்கும் போட்டோம். வம்சாவளிப் பிரஜை என்றால் எவரும் கேள்வி கேட்கமுடியாத பிரஜை. இந்திய வம்சாவளி என்றால் பிரஜையா என்று கேட்கப்பட்டவர். ஒரே சொல், எதிரெதிர் விளைவு. ஆங்கிலம் ‘பை’, ‘ஒஃப்’ என்று குறைந்தது சொல்லளவிலாவது வேறுபடுத்திக் காட்டியது.

1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவுக்கு ஒரு வழி திறந்தது. அதில் வரும் வரைவிலக்கணம் கவனிக்கத்தக்கது. பூர்வீகம் பழைய பிரித்தானிய இந்தியாவிலோ இந்தியச் சமஸ்தானங்களிலோ இருந்து, அங்கிருந்து குடிபெயர்ந்து வந்து, இலங்கையில் நிலையாகத் தங்கியவர் என்கிறது அது. இதுவரைக்கும் எல்லாம் நிகழ்ச்சிகள், அதாவது ‘ஃப்ரம்’. அடுத்து வழித்தோன்றல்களும் அடங்குவர் என்று ஒரு வால் சேர்கிறது. அந்த வாலில்தான் வந்தவரின் நீங்கல் வராதவரின் பண்பாகிறது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாத வதிவைக் காட்டவேண்டும். விண்ணப்பித்தவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல், கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

மீதியானவர்களை 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிப் பிரித்தது. மொத்தம் 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, அவரவருடைய இயற்கைப் பெருக்கத்துடன். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ‘இயற்கைப் பெருக்கம்’ என்பது பிள்ளைகள். ஆட்டுப் பட்டியின் கணக்குப் புத்தகத்தில் வரவேண்டிய சொல் ஓர் அரசாங்க ஒப்பந்தத்தில் வந்தது.

1978 யாப்பின் 26 ஆவது உறுப்புரை, பிரஜாவுரிமை வம்சத்தால் வந்ததா பதிவால் வந்ததா என்று பார்த்து வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. காகிதத்தில் ‘பை’ அங்கே செத்துவிட்டது. 1986, 1988 சட்டங்களைக் கடந்து 2003 இல் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்த 2003 சட்டம் உள்ளே கேட்பது வதிவை: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்பவரா, அப்படிப்பட்டவரின் வழித்தோன்றலாக இங்கே வாழ்பவரா? வாசலில் எழுதியிருப்பது மட்டும் பூர்வீகம். உரிமை கொடுக்கிற சட்டமே பழைய ‘ஒஃப்’பைப் பெயர்ப்பலகையில் வைத்துக்கொண்டு கொடுத்தது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த தன் தகப்பனாரின் பிரஜாவுரிமைக் கடதாசியை எனக்குக் காட்டினார். ஆங்கிலம், மடிப்புகளில் கிழிசல்.

“இதுல எங்கள யாருன்னு போட்டிருக்கு, புள்ள?”

“பதிவு செஞ்ச பிரஜைன்னு போட்டிருக்கு, பாட்டி.”

“அப்பா பதிஞ்சாரு, சரி. நான் இங்கனதான பொறந்தேன்? அப்பறம் ஏன் என்னய இன்னமும் இந்தியாங்கிறாங்க?”

அவர் கேட்டது பிரஜாவுரிமை பற்றியல்ல, அது அவருக்குக் கிடைத்துவிட்டது. பெயர் பற்றி.

அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். ‘இந்தியத் தமிழர்’ என்பதில் உருபு எதுவும் வெளியே தெரியவில்லை. இது வேற்றுமைத் தொகை. விரித்தால் இந்தியாவின் தமிழர் என்றும் விரியும், இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என்றும் விரியும். இரண்டாவது, உருபும் பயனும் சேர்ந்தே மறைந்த தொகை. ‘சிலோன் டீ’யும் அப்படிப்பட்ட தொகைதான். தேயிலைச் செடி இந்த மண்ணில் தானாக முளைத்ததில்லை, சீனாவிலிருந்தும் அசாமிலிருந்தும் கொண்டுவரப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் அதை வணிகப் பயிராக நட்டார். அந்தச் செடியின் இலை இன்று சிங்க இலச்சினையோடு இலங்கையின் பெயரில் உலகெங்கும் போகிறது, எவரும் அதை இந்திய வம்சாவளித் தேயிலை என்பதில்லை. அதைப் பறிப்பவரின் பெயரில் மட்டும் நீங்கல் தீராமல் இருக்கிறது.

‘மலையகத் தமிழர்’ என்ற பெயருக்கான கோரிக்கையை இந்தப் பின்னணியில்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். பழைய ‘ஃப்ரம்’மின் பாதையிலேயே நடந்து, ‘ஒஃப்’பை மாற்றச் சொல்லும் நடை அது. மலையகத்தில் வாழும் தமிழர் என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை. மலையகத்தின் தமிழர் என்று விரித்தால் ஆறாம் வேற்றுமை. எப்படி விரித்தாலும் இந்த மண்தான் வருகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள். 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின்னர் மலையிலிருந்து இறங்கி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில். வைத்தியர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் பலரைக் குடியமர்த்தியது. அந்த இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியேறிய குடும்பங்கள் பிறகு இறுதி யுத்தம் வரை எல்லா இடப்பெயர்வுகளிலும் நடந்தார்கள், இழந்தார்கள். அவர்கள் ‘மலையகத் தமிழர்’ என்றால் அந்தத் தொகையை எப்படி விரிப்பது? மலையகத்தில் வாழும் என்பது பொருந்தாது. மலையகத்திலிருந்து வந்த என்றால், திரும்பவும் நீங்கல். கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்கு அதுவும் பொருந்தாது. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 839,504. வன்னிக்கு வந்த இவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணுக்குள், எத்தனை பேர் இலங்கைத் தமிழர் என்ற எண்ணுக்குள் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

‘இடம்பெயர்ந்தோர்’ என்ற சொல்லுக்கும் இதுவே நடந்திருக்கிறது. பெயர்ந்தது ஒரு நாளில் நடந்த காரியம். மீள்குடியேறிப் பல ஆண்டுகளான பின்னரும், முகாமில் பிறக்காத பிள்ளையைக்கூடப் பாடசாலையில் ‘இடம்பெயர்ந்த ஆக்கள்’ என்று சுட்டும்போது அது பண்பாகிவிடுகிறது.

குறியிடும் வேலையில் ஒரே வாக்கியத்தை இருவர் தனித்தனியே பார்ப்பார்கள். குறிகள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். ‘ஸ்னாக்ஸ்’ முறையில் ஒரு சொல்லுக்கு இரண்டு குறி இடவும் வசதி உண்டு, அந்தச் சூழலில் நிகழ்வது என்ன என்பதற்கு ஒன்று, சொல் தன்னளவில் சுட்டுவது என்ன என்பதற்கு ஒன்று. வேலை முடிந்த பிறகு பொழுதுபோக்காக, ‘தமிழ்ஸ் ஒஃப் த ஹில் கன்ட்ரி’ என்ற தொடரை கிளிநொச்சியில் இருக்கும் என் தோழிக்கு அனுப்பினேன். அவளுடைய தாத்தா பொகவந்தலாவையிலிருந்து இறங்கியவர். நான் ‘இடம்’ என்று போட்டிருந்தேன். அவள் ‘மூலம்’ என்று போட்டாள். அரைமணி நேரம் தொலைபேசியில் வாதாடினோம். மூன்றாமவராக அவளுடைய அம்மாவைக் கேட்டோம். “ரெண்டையும் போடு” என்றார் அம்மா. இரண்டையும் போட்டோம். எது முதல், எது இரண்டாவது என்பதில் இன்னும் இணக்கம் இல்லை.